நாளைய கடை வாசலில் ஓர் அறிவிப்பு

1905-இல் சென்னையிலிருந்து வெளிவந்துகொண்டிருந்த ‘இந்தியன் லேடீஸ் மேகஸின்’ என்ற ஆங்கில இதழில் ஒரு சிறுகதை வந்தது. இதழை நடத்தியவர் கமலா சத்தியநாதன். கதையை எழுதியவர் பீகாரின் பாகல்பூரில் வாழ்ந்த ரொக்கையா சகாவத் ஹுசைன். ‘சுல்தானாவின் கனவு’ என்ற அந்தக் கதையில் பெண்கள் நாடாள்கிறார்கள், ஆண்கள் வீட்டுக்குள் இருக்கிறார்கள். மேகத்திலிருந்து நீரை இறக்கிக்கொள்ளும் பலூன் உண்டு. ஆகாயத்தில் ஓடும் வண்டி உண்டு. சூரிய வெப்பத்தைச் சேர்த்து வைத்து எதிரிப் படையின் மேல் பாய்ச்சும் ஏற்பாடும் உண்டு.

இவ்வளவும் இருந்தும் என் மனதை விட்டுப் போகாமல் நிற்பது அதில் வரும் சமையலறைதான். விருந்தாளியாகப் போன பெண் அடுக்களைக்குள் நுழைகிறாள். புகை இல்லை, புகைபோக்கியும் இல்லை. சன்னலில் பூ. எப்படிச் சமைக்கிறீர்கள் என்று கேட்கிறாள். சூரிய வெப்பத்தால் என்கிறாள் அழைத்து வந்தவள்; வெப்பம் வந்து சேரும் குழாயையும் காட்டுகிறாள். விறகடுப்பில் ஊதாங்குழலோடு கண் எரிய உட்கார்ந்திருந்த ஒருத்திக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. அந்த நாட்டின் அறிவியல் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது, அது யாருக்காக வந்திருக்கிறது என்ற இரண்டையும் கரி படியாத ஒரு சுவர் சொல்லிவிடுகிறது.

அந்தச் சுவரை எழுப்புவது எப்படி என்பதுதான் இந்த அத்தியாயம். இன்னும் வராத ஒரு தொழில்நுட்பத்தைப் பற்றி யோசிக்கும்போது வரைபடமும் அறிக்கையும் போதாது. அது வந்துவிட்ட நாளிலிருந்து ஒரு சாதாரணப் பொருளை எடுத்து வந்து மேசைமேல் வைக்க வேண்டும். அதைச் சுற்றி ஒரு சின்னக் கதையும் வேண்டும். கதை என்று நான் சொல்வது ஒரு பக்கத்துக்கு மேல் போகாதது.

பெயர்கள், சுருக்கமாக

அமெரிக்க அறிபுனை எழுத்தாளர் புரூஸ் ஸ்டெர்லிங் 2005-இல் ‘டிசைன் ஃபிக்‌ஷன்’ என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். ஜூலியன் பிளீக்கர் 2009-இல் எழுதிய நீண்ட கட்டுரை அதை ஒரு வேலைமுறையாக ஆக்கியது. லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட்டில் கற்பித்த அந்தோணி டன், ஃபியோனா ராபி இருவரும் இதற்குப் பக்கத்து வீடான ‘ஸ்பெகுலேட்டிவ் டிசைன்’ என்பதை வளர்த்தார்கள். 2013-இல் வந்த அவர்கள் புத்தகம் இந்தத் துறை மாணவர்களின் கையில் இன்றும் இருக்கிறது. பெயர்களுக்குள் இருக்கும் வேறுபாடு உங்கள் வேலைக்கு இப்போது தேவைப்படாது. செய்து வைக்கும் பொருளை இந்த அத்தியாயம் முழுக்க ‘நாளைப்பொருள்’ என்றே சொல்கிறேன்.

தமிழில் இதற்கு முன்னோடி இல்லாமல் இல்லை. பாரத் எலக்ட்ரானிக்ஸில் பொறியாளராக இருந்து, மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் உருவானதில் பங்கெடுத்தவர் சுஜாதா. அவர் ‘என் இனிய இயந்திரா’ எழுதியபோது வாசகர் வீடுகளுக்குள் புகுந்தது அந்த நாவலின் ஆட்சிமுறையைக் காட்டிலும் ஜீனோ என்ற இயந்திர நாய்தான். படிக்கும், பேசும், எதிர்க்கேள்வி கேட்கும் நாய். ஒரு பெரிய மாற்றத்துக்குள் நுழைய மனம் இப்படி ஒரு சின்ன வாசலைத்தான் தேடுகிறது.

வேலை செய்யும் பொருளும் மக்கர் பண்ணும் பொருளும்

சினிமா இதை வெகுநாளாகச் செய்து வருகிறது. 1968-இல் வந்த ‘2001: எ ஸ்பேஸ் ஒடிஸி’ படத்தில் விண்கலத்துக்குள் இரண்டு பேர் சாப்பிட்டுக்கொண்டே தட்டையான பலகைத் திரைகளில் செய்தி பார்க்கிறார்கள். 2011-இல் ஆப்பிள் நிறுவனம் தொடுத்த வழக்கில், டேப்லட்டின் வடிவம் ஆப்பிளின் கண்டுபிடிப்பு அல்ல என்று காட்ட சாம்சங் அந்தக் காட்சியையே அமெரிக்க நீதிமன்றத்தில் சான்றாக வைத்தது. ‘மைனாரிட்டி ரிப்போர்ட்’ படத்துக்காக ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் 1999-இல் பல துறை வல்லுநர்களைக் கூட்டி, 2054-ஆம் ஆண்டு எப்படியிருக்கும் என்று பேசவைத்தார். காற்றில் கையை அசைத்தே திரையை இயக்கும் முறையை அந்தப் படத்துக்காக வடிவமைத்தவர் எம்ஐடி ஊடக ஆய்வகத்திலிருந்து வந்த ஜான் அண்டர்காஃப்ளர். படம் 2002-இல் வந்த பிறகு, அதே முறையை நிஜத்தில் செய்ய ஒரு நிறுவனமும் தொடங்கினார். கதைக்குள் வேலை செய்து காட்டியதாலேயே ஒரு பொருள் நிஜத்துக்குள் வர வழி பிறக்கிறது என்பதை ஆராய்ச்சியாளர் டேவிட் கெர்பி விரிவாக எழுதியிருக்கிறார்.

சினிமாவிடமிருந்து கற்க வேண்டியது பாதிதான். திரையில் பொருள் எப்போதும் ஒழுங்காக வேலை செய்கிறது. ஒரு சோதனை செய்யுங்கள். இரண்டு கைகளையும் தோள் உயரத்துக்குத் தூக்கி, காற்றில் கோப்புகளைத் தள்ளுவதுபோல ஐந்து நிமிடம் அசையுங்கள். புஜம் வலிக்கும். அந்த வலி படத்தில் இல்லை. எட்டு மணி நேர வேலைநாளில் அந்தத் திரைக்கு முன் நிற்கப் போகும் ஊழியரின் தோள்பட்டையை நினைத்துப் பார்ப்பதில்தான் நம் வேலை தொடங்குகிறது.

இதை அழகாகச் செய்து காட்டியது லண்டனில் இயங்கும் ‘சூப்பர்ஃப்ளக்ஸ்’ கூடம். ஜான் ஆர்டனும் இந்தியாவில் பிறந்த அனப் ஜெயினும் 2009-இல் தொடங்கியது. 2015-இல் அவர்கள் எடுத்த ‘அன்இன்வைட்டட் கெஸ்ட்ஸ்’, அதாவது அழையா விருந்தாளிகள், சில நிமிடங்களே ஓடும் குறும்படம். தாமஸுக்கு 70 வயது, தனியாக இருக்கிறார். தூரத்திலிருக்கும் பிள்ளைகள் அக்கறையோடு மூன்று பொருள்களை அனுப்புகிறார்கள். என்ன சாப்பிடுகிறார் என்று கவனிக்கும் முள்கரண்டி, நடையை எண்ணும் கைத்தடி, தூக்கத்தைக் கணக்கிடும் படுக்கை. மூன்றும் மாற்றி மாற்றி அவரை நச்சரிக்கின்றன. தாமஸ் என்ன செய்கிறார்? கரண்டியைக் காய்கறித் தட்டில் குத்திக் கிளறிவிட்டுத் தனக்குப் பிடித்ததைச் சாப்பிடுகிறார். கைத்தடியை ஓர் இளைஞனிடம் கொடுத்து நடந்துவிட்டு வரச் சொல்கிறார், கூலி, பீர். படுக்கைமேல் கனமான புத்தகங்களை அடுக்கிவிட்டு டிவி பார்க்கிறார்.

முதியோர் கண்காணிப்புக் கருவிகளைப் பற்றி எத்தனையோ கருத்தரங்குகளில் பேசியிருப்பார்கள். அந்தப் புத்தக அடுக்குக்கு ஈடான ஒரு வாதத்தை நான் அவற்றில் கண்டதில்லை. பிள்ளைகள் கெட்டவர்கள் அல்ல, கருவியும் கெட்டதல்ல. ஆனால் தன் வீட்டில் தன் இஷ்டப்படி ஒரு மாலையைக் கழிக்க ஒரு மனிதர் ஏமாற்ற வேண்டியிருக்கிறது. ஒரு நாளைப்பொருளை உருவாக்கும்போது நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி இதில் இருக்கிறது: இதை யார், எப்படி, எதற்காக ஏமாற்றுவார்கள்?

முளையைத் தேடுதல்

இனி நாமே ஒன்று செய்வோம். வானத்திலிருந்து எதையும் வரவழைக்க வேண்டாம். இன்று எங்கோ சிறிதாக முளைவிட்டிருக்கும் ஒன்றைத் தேடுங்கள், முடிந்தால் இரண்டை. இரண்டு முளைகள் ஒன்றையொன்று தொடும் இடத்தில்தான் கதை பிறக்கும்.

நான் எடுத்துக்கொள்ளும் முதல் முளை ரேஷன் கடை. தமிழ்நாட்டில் 2017-இல் குடும்ப அட்டை ஸ்மார்ட் கார்டாக மாறியது. 2020-இல் கைரேகை வைத்துப் பொருள் வாங்கும் முறை வந்தது. 2023-இல் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் விரும்புகிற அட்டைதாரர்களுக்கு 2 கிலோ அரிசிக்குப் பதில் 2 கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். இரண்டாவது முளை, 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம். சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்களின் வீட்டுக்கே மாத்திரையைக் கொண்டுபோய்க் கொடுக்கும் திட்டம். யாருக்கு எவ்வளவு சர்க்கரை என்ற பதிவும் அதோடு சேர்ந்து வளரும்.

ஒரு பதிவேட்டில் யாருக்கு என்ன தானியம் என்று இருக்கிறது, இன்னொன்றில் யாருக்கு எவ்வளவு சர்க்கரை என்று இருக்கிறது. இரண்டும் ஒருநாள் பேசிக்கொண்டால்? நடக்கும் என்று நான் சொல்லவில்லை, நடக்க வேண்டும் என்றும் சொல்லவில்லை. நல்ல மனத்தோடு யாரோ ஒருவர் நாளை முன்மொழியக் கூடியது இது என்பதே இதைத் தேர்ந்தெடுக்கக் காரணம். எதிர்காலத்தை வில்லன் கையில் கொடுத்துவிட்டால் வாசகர் நிம்மதியாகிவிடுவார், ஏனென்றால் அவர் வில்லன் இல்லை. நல்லவர்கள் கொண்டுவரும் எதிர்காலம்தான் யோசிக்க வைக்கும்.

ஆண்டைக் கவனமாகத் தேர்ந்தெடுங்கள். ஐம்பது ஆண்டு தள்ளிப்போனால் கதை யாரைப் பற்றியோ ஆகிவிடும். பன்னிரண்டு முதல் பதினைந்து ஆண்டு தள்ளுவது என் பழக்கம். இன்று வரிசையில் நிற்கும் அறுபது வயதுக்காரர் அன்றும் நிற்பார், இடுப்பில் இருக்கும் குழந்தை அன்று அவரை அழைத்துக்கொண்டு வரும். நம் கதைக்கு 2039 என்று வைத்துக்கொள்வோம்.

நான்கு பக்கமும் திருப்பிப் பார்த்தல்

ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் ஜிம் டேட்டர், மனிதர்கள் எதிர்காலத்தைப் பற்றிச் சொல்லும் கதைகளை நான்கு வகையாகப் பிரித்தார்: வளர்ச்சி தொடர்வது, சரிவது, கட்டுப்பாட்டுக்குள் வாழ்வது, அடியோடு உருமாறுவது. 2006-இல் ஹவாய் மாநிலம் 2050-க்கான திட்டமிடலைத் தொடங்கியபோது டேட்டர், ஸ்டூவர்ட் கேண்டி, ஜேக் டுனகன் குழுவினர் இந்த நான்கையும் நான்கு அறைகளாகவே கட்டிவிட்டார்கள். 500-க்கும் மேற்பட்ட மக்கள் பிரிந்து உள்ளே போனார்கள். ஓர் அறையில் ஆளுநர் தேர்தல் விவாதம் நடந்துகொண்டிருந்தது, வேட்பாளர்கள் பெருநிறுவனங்கள். யாரும் முன்கூட்டி எதையும் விளக்கவில்லை. உள்ளே நுழைந்தவர் 2050-இன் குடிமகனாகவே நடத்தப்பட்டார்.

உங்களுக்கு அறைகள் தேவையில்லை, நான்கு வரி போதும். வளர்ச்சி: கேட்ட தானியம் வீட்டு வாசலுக்கே வருகிறது. சரிவு: மின்சாரம் போய்ப் போய் வருகிறது; எடை மேடை நின்றுவிட்டது, விற்பனையாளர் படியால் அளக்கிறார். கட்டுப்பாடு: உடம்புக்கு ஏற்ற தானியம்தான் கிடைக்கும். உருமாற்றம்: கடையே இல்லை, அந்தக் கட்டடம் வேறு எதுவாகவோ ஆகிவிட்டது. நான்கில் எது உங்களை லேசாகச் சங்கடப்படுத்துகிறதோ, அதே நேரம் ‘நல்லதுதானே’ என்றும் தோன்றுகிறதோ, அதை எடுங்கள். என் சர்க்கரைக் கதைக்கு மூன்றாவது.

பொருளைத் தேர்ந்தெடுத்தல்

பட்டறைகளில் அதிகம் தடுக்கி விழும் இடம் இது. ‘2039-இன் ரேஷன் கடையைக் காட்டுங்கள்’ என்றால் முதலில் வருவது பளபளக்கும் கண்ணாடிக் கட்டடமும் தானியத்தை அளந்து போடும் ரோபோவும். வரைந்தவரிடம், இந்தக் கடையில் சில்லறைத் தகராறு வந்தால் என்ன ஆகும், மழை பெய்தால் வரிசை எங்கே நிற்கும் என்று கேட்டுப் பாருங்கள். பதில் இருக்காது. கட்டடத்தை வரைந்தவருக்குக் கடை இன்னும் தெரியவில்லை.

நான் பரிந்துரைப்பவை வேறு: ரசீது, எச்சரிக்கைச் சீட்டு, புகார்ப் படிவம், ரிப்பேர் கடைப் பலகை, கல்யாணப் பத்திரிகையின் அடியில் வரும் ‘குறிப்பு’, ஷட்டரில் ஒட்டிய அறிவிப்பு. நியூயார்க்கின் எக்ஸ்ட்ராபொலேஷன் ஃபேக்டரி குழு 2013-இல் நாளைய பொருள்களைச் செய்து புரூக்ளினில் ஒரு மலிவு விலைக் கடையின் அலமாரியிலேயே மற்ற சாமான்களுக்கு நடுவே அடுக்கி வைத்தது. நியர் ஃபியூச்சர் லேபரட்டரி 2014-இல் நாளைய சாமான்களுக்கு ஒரு விற்பனைப் பட்டியலே அச்சிட்டது. பட்டியல், அலமாரி, அறிவிப்பு எல்லாமே பழகிய வடிவங்கள். வடிவம் பழகியதாக இருக்கும்போதுதான் உள்ளே இருக்கும் புதுமை கண்ணில் படுகிறது. ஜேம்ஸ் ஆகர் என்ற வடிவமைப்பாளர் இதைப் பாலம் என்பார்: பார்ப்பவர் ஏற்கெனவே நிற்கும் கரையிலிருந்து தொடங்காத கற்பனையில் யாரும் ஏற மாட்டார்கள்.

நான் ஷட்டர் அறிவிப்பை எடுத்தேன். ஏ4 தாள், தட்டச்சு, நகலெடுத்து நகலெடுத்து மங்கிய எழுத்து. மூன்றாவது தடவை எழுதியபோது வந்தது இது:

*நியாய விலைக் கடை – அட்டைதாரர்கள் கவனத்திற்கு. தை மாதம், 2039.*

*1. குடும்ப அட்டையில் உள்ள எவருக்கேனும் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 8-க்கு மேல் இருப்பின், அவரது பங்கு அரிசி கேழ்வரகாக வழங்கப்படும்.*

*2. அளவு குறைந்தவர்கள் புதிய பரிசோதனைச் சீட்டைக் காட்டினால் அடுத்த மாதம் முதல் அரிசி பெறலாம்.*

*3. பிறர் ரத்தத்தைக் கொடுத்துச் சீட்டுப் பெற்றது தெரியவந்தால் மூன்று மாதங்களுக்குப் பங்கு நிறுத்தப்படும்.*

*4. காதுகுத்து, வளைகாப்பு, துக்க வீடு ஆகியவற்றுக்கு ஆண்டுக்கு ஒருமுறை தளர்வு உண்டு. ஊராட்சித் தலைவர் கையொப்பம் தேவை.*

*5. இறந்தவர் பெயரில் கேழ்வரகு வந்துகொண்டிருந்தால் இறப்புச் சான்றிதழ் நகலைக் கொண்டுவரவும். அதுவரை வந்ததைத் திருப்பித் தர வேண்டியதில்லை.*

*(பேனாவால்) கேழ்வரகு ஸ்டாக் இல்லை. 17-ந் தேதிக்கு மேல் வரவும்.*

இதில் எது எதற்காக இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். ஒன்றாவது விதி தொழில்நுட்பத்தைச் சொல்கிறது, அதற்கு ஒரு வாக்கியத்துக்கு மேல் கொடுக்கவில்லை. பதிவேடுகள் எப்படி இணைந்தன, எந்த மென்பொருள் என்பதெல்லாம் கடைக்கு வருகிறவருக்குத் தெரியாது. அவருக்குத் தெரியாததை அறிவிப்பும் சொல்லக் கூடாது.

மூன்றாவது விதிதான் இதயம். தடை என்பது வரலாறு. ஒரு சுவரில் ‘இங்கே சுவரொட்டி ஒட்டாதீர்’ என்று எழுதியிருந்தால் அங்கே ஒட்டியிருக்கிறார்கள் என்று பொருள். அரிசிச் சோற்றுக்காக ஒருவர் இன்னொருவரின் விரலைக் கடன் வாங்கியிருக்கிறார், அது பிடிபட்டும் இருக்கிறது, அது பரவியதால் விதி வந்திருக்கிறது. ஒரு நாவலுக்கான சரக்கு ஒரே வரியில் அடங்கிவிட்டது. எதிர்காலத்தை வர்ணிக்கத் தெரியாவிட்டால் அதன் தடைகளை எழுதுங்கள். அங்கே வாழ்கிறவர்கள் தாமாக வந்துவிடுவார்கள்.

நான்காவது, விதி ஊரோடு சமரசம் செய்துகொண்ட இடம். எந்தத் தொழில்நுட்பமும் ஊருக்குள் வந்தால் காதுகுத்துக்கு வளைந்து கொடுக்கத்தான் வேண்டும். ஐந்தாவதை எழுதும்போது எனக்கே தொண்டை அடைத்தது. பேனா வரி கடைசியாகச் சேர்ந்தது. அதைச் சேர்த்த பிறகுதான் தாள் உண்மையான தாள் மாதிரி ஆயிற்று. திட்டம் ஒன்று சொல்கிறது, கிடங்கு வேறொன்று சொல்கிறது, நடுவில் விற்பனையாளர் தன் கையெழுத்தோடு நிற்கிறார்.

ஒரு பக்கக் கதை

அறிவிப்பு தயாரானதும் அதன் முன்னால் யாரையாவது நிறுத்துங்கள். கண்டுபிடித்தவரையோ அதிகாரியையோ வேண்டாம். கையில் பையோடு வந்தவர் போதும். சிவகங்கைப் பக்கத்துக் கடை ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

“உங்க பங்கு கேப்பைதாம்மா வருது. அரிசி இல்ல.”

“கேப்பைய எம்பேரன் தொடமாட்டானேய்யா. எம்பங்குச் சோத்தத்தான அவன் திங்கிறான்.”

“மெஷின்ல அப்படித்தாம்மா காட்டுது.”

“அப்பத்தா, வா போகலாம். பின்னாடி ஆளுக நிக்கிறாக.”

“நிக்கட்டும்டி. நாம் பாட்டுக்கு மாத்திரையும் போடுறேன், நடையும் நடக்குறேன். எட்டாம் எட்டு. யாரு போட்ட எட்டு அது?”

விற்பனையாளர் தலை நிமிரவில்லை. வரிசையில் மூன்றாவதாக நின்ற பெண் மெல்லக் குனிந்து சொன்னாள்: “சாயங்காலம் வீட்டுக்கு வாங்க அத்தை. எம்மகளுக்குப் பதினாறு வயசு. நல்ல ரத்தம்.”

இவ்வளவுதான். இதற்கு மேல் எழுத வேண்டும் என்று கை துடிக்கும், நிறுத்துங்கள். இந்தக் கதை ஒரு பக்கம் சாயாமல் நிற்பதைக் கவனியுங்கள். கேழ்வரகு அந்த அப்பத்தாவின் உடம்புக்கு நல்லதாகவே இருக்கலாம். ஆனால் பதிவேடு அவரைத் தனி உடம்பாகப் பார்க்கிறது. அவரோ பேரனோடு ஒரே பானையில் வாழ்கிறார். குடும்ப அட்டை குடும்பத்துக்கு, சர்க்கரைச் சீட்டு ஆளுக்கு. இரண்டு பதிவேடுகளை இணைக்கும்போது உரசல் எங்கே வரும் என்பதை ஒரு கிழவியின் ஒரு வாக்கியம் காட்டிவிட்டது. இதைத் திட்டம் தீட்டும் மேசையில் யாரேனும் முன்கூட்டிக் கேட்டிருந்தால், பங்கை ஆளுக்கு மாற்றாமல் வீட்டைக் கேட்டு மாற்றலாமா என்ற பேச்சு எழுந்திருக்கும்.

உரையாடலில் ஊர்ப்பேச்சைப் பயன்படுத்துங்கள், உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஊரின் பேச்சை மட்டும். அப்பத்தாவை அம்மாச்சியாக்கினால் வேறு மாவட்டம், வேறு உறவு. பாத்திரங்கள் யாரை எப்படி விளிக்கிறார்கள் என்பது பிசகினால் எதிர்காலமும் பொய்யாகிவிடும்.

யாருடைய அச்சம்?

இந்தத் துறை மேல் வைக்கப்படும் ஒரு குற்றச்சாட்டை நான் முழுமனதாக ஏற்கிறேன். மைக்கேல் பர்ட்டன், மிச்சிகோ நிட்டா இருவரும் ‘ரிபப்ளிக் ஆஃப் சலைவேஷன்’ என்ற படைப்பைச் செய்தார்கள். உணவுப் பஞ்சம் வந்து, அரசு ஒவ்வொருவரின் வேலைக்கு ஏற்ப உணவை அளந்து கொடுக்கும் ஓர் உலகம் அது. நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் ‘டிசைன் அண்ட் வயலன்ஸ்’ என்ற தன் திட்டத்தில் 2013-இல் அதைப் பேசுபொருளாக்கியபோது சூடான விவாதம் எழுந்தது. பஞ்சமும் பங்கீடும் உலகில் எத்தனையோ பேருக்கு நேற்றும் இன்றும் நடப்பவை; வயிறு நிறைந்தவர்களால் மட்டுமே அதை எதிர்காலப் பயங்கரமாகக் காட்ட முடியும் என்றார்கள் எதிர்த்தவர்கள். பிரேசிலைச் சேர்ந்த லூயிசா பிராடோ, பெட்ரோ ஒலிவேரா என்ற இரு ஆய்வாளர்கள் இந்தக் கருத்தைக் கூர்மையாக முன்வைத்தவர்கள்.

ரேஷன் வரிசையில் நின்று வளர்ந்தவர்களுக்கு இந்த விவாதத்தை விளக்க வேண்டியதில்லை. நமக்கு அது பயங்கரம் அல்ல, மாதத்தின் ஒரு நாள். அந்த வரிசையால்தான் பசியாறிய வீடுகள் எத்தனையோ. ஆகவே, கடையைப் பற்றிய நாளைப்பொருளைக் கடைக்குப் போகாதவர்கள் மட்டும் உட்கார்ந்து செய்யாதீர்கள். விற்பனையாளரையும் கட்டுநரையும், மாதாமாதம் வரிசையில் நிற்கும் இரண்டு மூன்று பேரையும் மேசைக்கு அழையுங்கள். கருத்துக் கேட்பதற்காக அழைக்காதீர்கள், விதிகளை எழுதுவதற்கு அழையுங்கள். ‘இந்தக் கடையில் நாளைக்கு என்ன தடை எழுதி வைப்பாங்க?’ என்று கேட்டுப் பாருங்கள், படித்தவர்களுக்குத் தோன்றாத ஐந்து விதிகள் வரும்.

சீட்டு விளையாட்டும் உதவும். ஸ்டூவர்ட் கேண்டியும் ஜெஃப் வாட்சனும் 2014-இல் ‘தி திங் ஃப்ரம் தி ஃபியூச்சர்’ என்ற ஆட்டத்தை வெளியிட்டார்கள். எப்படிப்பட்ட எதிர்காலம், எந்தத் துறை, என்ன பொருள், என்ன உணர்ச்சி என்று நான்கு வகைச் சீட்டுகள். நான்கிலும் ஒவ்வொன்றை எடுத்து, அவை சேரும் இடத்தில் ஒரு பொருளைக் கற்பனை செய்ய வேண்டும். நீங்களே துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொள்ளலாம். ‘சரிவு, பேருந்து, டிக்கெட், ஏக்கம்’ என்று வந்தால் அரைமணி நேரத்தில் ஒரு மேசை முழுக்கப் பேச்சு நிறைந்துவிடும்.

காட்டுவதும் ஒப்புக்கொள்வதும்

ஆகரும் ஜிம்மி லோய்சோவும் மாணவர்களாக இருந்தபோது பல்லுக்குள் பொருத்தும் தொலைபேசி ஒன்றை முன்வைத்தார்கள். தாடை எலும்பின் அதிர்வு வழியாகக் காதுக்கு ஒலி போகும் என்பது எண்ணம். செய்து காட்டியது பல் வடிவில் ஒரு பிசின் துண்டு, உள்ளே ஒரு சில்லு. அது எதையும் செய்யாது. ஆனால் உலகெங்கும் பத்திரிகைகள் உண்மையான கருவி என்றே எழுதின. ‘டைம்’ இதழ் 2002-இன் சிறந்த கண்டுபிடிப்புகளில் ஒன்றாக அதைச் சேர்த்தது. நம்பவைக்கும் திறன் எவ்வளவு வலியது என்பதற்கு இது சான்று, எவ்வளவு பொறுப்போடு கையாள வேண்டியது என்பதற்கும்தான்.

நம் ஊரில் இந்தப் பொறுப்பு இன்னும் கூடுதல். மேலே எழுதிய அறிவிப்பைப் படம் பிடித்து யாராவது வாட்ஸ்அப்பில் போட்டால் சாயங்காலத்துக்குள் நாலு மாவட்டம் சுற்றிவரும். சர்க்கரை உள்ள ஒரு முதியவர் அரிசி நின்றுவிட்டது என்று பயந்து சோதனைக்கே போகாமல் இருந்துவிடலாம். அதனால் சில கட்டுப்பாடுகளை நான் மீறுவதே இல்லை. அரசு முத்திரையோ சின்னமோ தாளில் இருக்கக் கூடாது. உண்மையான கடை எண், ஊர் பெயர் கூடாது. ஆண்டு பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். ‘கற்பனை அறிவிப்பு, பயிற்சிக்காக மட்டும்’ என்ற வரி வெட்டி எடுக்க முடியாதபடி எழுத்துகளுக்குக் குறுக்கே போக வேண்டும். உண்மையான கடையின் ஷட்டரில் ஒட்டவே கூடாது. நூலகத்திலோ கல்லூரி வராந்தாவிலோ ஒரு பழைய கதவைச் சாய்த்து வைத்து அதில் ஒட்டுங்கள். இவ்வளவு சொன்னால் மாயம் கலைந்துவிடாதா என்று கேட்பார்கள். கலையாது. தாமஸின் கதை நடிப்பு என்று எல்லாருக்கும் தெரியும், ஆனாலும் அந்தப் புத்தக அடுக்கு மனதில் நிற்கிறது.

கண்ணுக்கு மட்டும் காட்டி நிறுத்த வேண்டியதில்லை. ஐக்கிய அரபு அமீரகத்தில் எரிசக்திக் கொள்கை வகுப்பவர்களுக்காக சூப்பர்ஃப்ளக்ஸ் வேலை செய்தபோது, பெட்ரோல், டீசல் வண்டிகளையே நம்பியிருந்தால் வருங்காலக் காற்று எப்படியிருக்கும் என்பதை ஆய்வகத்தில் கலந்து, முகர்ந்து பார்க்கக் கொடுத்தார்கள். வெவ்வேறு ஆண்டுகளின் காற்று. அதில் 2034-ஆம் ஆண்டின் மாதிரியை ஒரு மூச்சுக்கு மேல் யாராலும் தாங்க முடியாது என்று அனப் ஜெயின் சொல்லியிருக்கிறார். நம் கடைக்கு மணம் என்ன? பழைய சாக்கு, மண்ணெண்ணெய் ஞாபகம், புதுக் கேழ்வரகு. ஒரு சாக்கில் கேழ்வரகைக் கட்டிக் கதவருகே வையுங்கள். அறிவிப்பைப் படிக்கிறவரின் கை தானாக அதை அளைந்து பார்க்கும்.

ஒட்டிய பிறகு இரண்டு அடி தள்ளி நில்லுங்கள். விளக்கம் சொல்லாதீர்கள். ஒவ்வொருவரும் படித்துவிட்டு முதலில் சொல்லும் வாக்கியத்தை மட்டும் அவர்கள் சொன்ன சொற்களிலேயே நோட்டில் எழுதுங்கள். ‘நல்ல ஐடியாதான்’ என்பார் ஒருவர். ‘எங்கம்மா இருந்திருந்தா சண்டை போட்டிருப்பா’ என்பார் இன்னொருவர். ‘எட்டுன்னு யாரு முடிவு பண்ணா?’ என்று மூன்றாமவர் கேட்டால் அதன் கீழே கோடிடுங்கள். முப்பது வாக்கியம் சேர்ந்ததும் நோட்டை மூடி, அறிவிப்பைக் கிழித்து எடுத்து, கோடிட்ட வாக்கியங்களை மட்டும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆறாவது விதியை எழுத உட்காருங்கள்.